நிதானமாகத் தப்பியோடும் மீன்கள்

எங்கள் டாக்டரம்மாவுக்கு ஒரு சாதாரணக் காய்ச்சலைக்கூடக் குணப்படுத்தத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் குடியிருக்கும் கட்டடத்தில் பாதிப் பேருக்கு இன்னும் இது புரியவில்லை. 'மூளை டாக்டர்' என்று யாரோ ஒருவர் ஊதிவிட்டார். அன்றிலிருந்து ஒற்றைத் தலைவலி, தூக்கமின்மை, பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளை என்று ஆள் மாற்றி ஆள் மூன்று மாடி ஏறி வருகிறார்கள். "எனக்கு மீனோட மூளைதாங்க தெரியும்" என்று அவர் சொன்னால், அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு சந்தேகம் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

அந்த மீன்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான். ஆராய்ச்சி நிலையத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அறை என்னுடையது. நான்கு அடுக்கில் நாற்பத்தெட்டுத் தொட்டிகள். காலை எட்டு மணிக்கு விளக்கு, எட்டரைக்குத் தீனி, சாயங்காலம் ஐந்துக்கு மறுபடி தீனி. நடுவில் கழுவல், துடைப்பு, சண்டை. சண்டை பெரும்பாலும் தண்ணீர் பம்புடன்தான்.

டாக்டரம்மா மற்றபடி எல்லாரையும் போலத்தான். நாற்பத்தொரு வயது, குள்ளம். மூக்குக் கண்ணாடியைத் தொலைத்துத் தொலைத்து அலுத்துப்போய், ஒரு ஷூ லேஸில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். லேஸ் போன ஷூவை இப்போது எங்கே வைத்தோம் என்று தேடுகிறார். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால், வீட்டுக்கு வந்த பிறகு எதற்கும் பதற மாட்டார். ஒன்பது வயதில் ஒரு மகள். அவள் அம்மாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் இரண்டு முறை கைதட்டுவாள். யோசனையில் விழுந்துவிட்டால் டாக்டரம்மாவை இடி விழுந்தாலும் எழுப்ப முடியாது.

ஆரம்பத்தில் அவர் எலி மூளைதான் பார்த்தார், ஏழு வருஷம். எலிக்கும் அவருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கூண்டைத் திறந்தால் தும்மல், மூடினால் அரிப்பு. கடைசியில் தும்மல் வராத பிராணி எது என்று தேடி மீனுக்கு வந்தார். பெரிய ஆராய்ச்சியாளர்கள் தங்கள் துறையைத் தேர்ந்தெடுத்த கதையை மேடையில் அழகழகாகச் சொல்வார்கள். எங்கள் டாக்டரம்மா, "என் மூக்கு தேர்ந்தெடுத்தது" என்பார்.

ஆனால் வந்து சேர்ந்த மீன் லேசுப்பட்டதல்ல. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். சாகும்வரை உடம்பு கண்ணாடிதான். மூளைக்கு மேலே எலும்பு மூடியே கிடையாது. காலையில் நான் போட்ட தீனி வயிற்றில் ஆரஞ்சு நிறத்தில் தெரியும், இதயம் துடிப்பது தெரியும், மூளையும் தெரியும். மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அது பச்சையாக மினுங்கும்படி இந்த மீன்களை வளர்த்திருக்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், மீன் என்ன நினைக்கிறது என்று தெரியாவிட்டாலும், எங்கே நினைக்கிறது என்று தெரியும். இந்த வித்தியாசத்தை டாக்டரம்மாதான் எனக்குச் சொன்னார். பின்னால் அவரே அதை மறந்துபோனார்.

இந்த மீன்களின் பயந்த சுபாவம் ஊர் அறிந்தது. அறைக்குள் ஒரு புது ஆள் நுழைந்தால் போதும், எல்லாம் பிளாஸ்டிக் செடிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பிறகு அரை நாள் பட்டினி. முதல் வருஷம் இப்படியே ஒரு தொட்டி முழுக்க இளைத்துப்போனதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கதவில் இருக்கும் கண்ணாடிச் சதுரத்தின் மேலேயே ஒரு போர்டு மாட்டினேன்: 'தீனி நேரம். யாரும் வரக் கூடாது. டாக்டர் உட்பட.' டாக்டரம்மா படித்துவிட்டுச் சிரித்தார். ஆனால் சொன்ன சொல் மீறவில்லை. நான் தீனி போடுவதை நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் பார்த்ததில்லை.

அவருடைய சோதனை எளிமையானது. காலைத் தீனி போடாத மீன் ஒன்றை எடுப்பார். தின்ற மீன் என்றால் கிண்ணத்து நீர் அழுக்காகிப் படம் கெட்டுவிடும், அதனால்தான் பட்டினி. கிண்ணத்தில் தண்ணீர் மெல்ல ஓடும், மீன் அதை எதிர்த்து நிற்கும். திடீரென்று தலைக்கு மேலே ஒரு கறுப்பு வட்டம் பெரிதாகிக்கொண்டே வரும், பருந்து இறங்குகிற மாதிரி. மீன் என்ன செய்கிறது, மூளையில் எந்த இடம் மினுங்குகிறது? இவ்வளவுதான் கேள்வி. மற்ற மீன் என்றால் உடம்பை வில்லாக வளைத்து, கண் இமைப்பதற்குள் எந்தப் பக்கமாவது பறந்துவிடும். எங்கள் மீன் அப்படிச் செய்யவில்லை. சாவகாசமாகத் திரும்பி, பத்துக்கு எட்டு முறை இடப்பக்கம் போனது. மூளையிலும் அதற்கென்று நரம்பணுக்களின் ஒரு சின்னக் கூட்டம் முதலில் மினுங்கியது.

டாக்டரம்மா பூரித்துப்போனார். பயந்தாங்கொள்ளி மீன் ஒன்று, ஆபத்தில் பதறாமல், ஒரே பக்கமாக ஒதுங்குகிறது! இதற்கு அவர் 'நிதானத் தப்பித்தல்' என்று பேர் வைத்து நாற்பத்திரண்டு பக்கம் எழுதினார். எழுதித்தான் ஆக வேண்டும். அவருடைய வேலை ஐந்து வருட ஒப்பந்தம். முடிகிறபோது ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று வந்து பார்க்கும். பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் டாக்டரம்மா, மீன்கள், நான், பம்பு எல்லாருமே மூட்டை கட்ட வேண்டியதுதான். இன்னொரு இடத்தில் நாற்பத்தொரு வயதில் முதலிலிருந்து தொடங்குவது லேசா? அந்தக் குழுவிடம் காட்ட அவரிடம் இருந்தது இந்த ஒன்றுதான்.

குழு வர மூன்று மாதம் இருக்கும்போது நான் வீட்டில் ஸ்டூல் மேலே ஏறினேன். டியூப் லைட் மாற்ற. "எலக்ட்ரீஷியன் வரட்டும், கொஞ்சம் பொறுங்க" என்று வீட்டுக்காரி சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் கீழே வந்துவிட்டேன். இடது முன்கை உடைந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. நான் இடது கைக்காரன். வலது கையால் மூடியைத் திறந்து, இடது கையால் தீனி போடுகிறவன். இப்போது திறப்பதும் வலது, போடுவதும் வலது. பாதித் தீனி தரைக்கும் என் சட்டைக்கும் போனது.

முதல் நாளே ஒன்றைப் பார்த்தேன். வலது கையை நீட்டிக்கொண்டு நான் நிற்கிறேன். மீன்கள் எல்லாம் இடப்பக்கம் போய் நின்றன. பூட்டின வீட்டு வாசலில் விருந்தாளி நிற்பது போல நின்று, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, அப்புறம்தான் வலப்பக்கம் வந்தன. எனக்குச் சிரிப்பாக இருந்தது. சிரித்துவிட்டு அதை மறந்தும் போனேன்.

ஐந்தாவது வாரம் மாடியில், டாக்டரம்மாவின் சோதனைக்கூடத்தில் கலவரம். அந்த வாரங்களில் வளர்ந்த புதுக் குஞ்சுகளை டாக்டரம்மா சோதித்துப் பார்த்தாராம். எல்லாம் வலப்பக்கம் போகின்றனவாம். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விளக்கை மாற்றினார், காமிராவைக் கழற்றி மாட்டினார், கிண்ணத்தைத் திருப்பி வைத்தார், தண்ணீரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டார், மின்சாரக்காரரை வரவழைத்து அவரையும் கேட்டார். "இடப்பக்கம் போன மீனுங்க திடீர்னு வலப்பக்கம் போகுதுண்ணா. ஏதாவது மாத்துனீங்களா?" என்றார்.

"ஒண்ணும் மாத்தலயேம்மா" என்றேன். மாவுக்கட்டு போட்ட கையோடு நின்றுகொண்டு அப்படிச் சொன்னேன். என்னைப் போல ஒரு புத்திசாலி உண்டா?

படிக்கட்டு இறங்கும்போதுதான் உறைத்தது. தொட்டியில் தண்ணீர் பின்சுவர்க் குழாயிலிருந்து வருகிறது. மீன் எப்போதும் அதைப் பார்த்தே நிற்கும், நான் அதன் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். என் இடது கை நீண்டால் அதன் நிழல் மீனுக்கு இடப்பக்கம் மேலே விழும். நிழல் வந்தால் சாப்பாடு வரும். டாக்டரம்மாவின் கறுப்பு வட்டத்தைப் பார்த்து அந்த மீன்கள் தப்பித்து ஓடவில்லை. சாப்பாட்டுக்கு ஓடி வந்திருக்கின்றன.

மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன? நாலு வருஷ உழைப்பின் தலையில் நானா கல்லைப் போடுவது? நான் சோறு இறங்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ட வீட்டுக்காரி விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"இதை மனசுல வெச்சுக்கிட்டா உக்காந்திருக்கீங்க?"

"சொன்னா அவங்க வேலையே போயிடும்டி."

"சொல்லலன்னா? நாளைக்கு வேற எவனாவது வலது கைக்காரன் இதே மீனை வளர்த்துப் பார்த்தா வெட்ட வெளிச்சமாயிடாதா? அப்ப வேலையும் போகும், மானமும் போகும். நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் வந்து சொல்லட்டுமா?"

அவள் வந்து சொல்லிவிடுவாள். அதனால் நானே போய்ச் சொன்னேன்.

டாக்டரம்மா கேட்டுக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு, "சரி, பார்த்துடலாம். பன்னெண்டு மீனுக்கு வயிறு முட்டத் தீனி போடுங்க. பன்னெண்டு பட்டினி. வயிறு நெறஞ்சவனும் புலியப் பார்த்தா ஓடத்தானே செய்வான்?" என்றார்.

அன்று மத்தியானம், ஒவ்வொரு மீனுக்கும் கிண்ணத்து நீரை மாற்றி, ஒவ்வொன்றாகச் சோதித்தோம். இடது கையில் தின்று வளர்ந்த பழைய மீன்கள்தான், ஐந்து வாரம் வலது கையில் தின்றும் பழைய பழக்கத்தை விடாதவை. பட்டினி கிடந்த பன்னிரண்டில் பத்து, நிழலைக் கண்டதும் இடப்பக்கம் போயின. வயிறு ஆரஞ்சாக உப்பியிருந்த பன்னிரண்டில் பதினொன்று அசையவே இல்லை. ஒன்று மட்டும் நகர்ந்தது, அது என்னைப் போலத் தீனிப் பண்டாரம். அசையாதவற்றின் மூளையிலும் அந்தக் கூட்டம் மினுங்கவில்லை.

டாக்டரம்மா சுத்தமாக இருந்த கிண்ணத்தை மூன்று முறை கழுவினார். நாலாவது முறை கழுவும்போது வெடித்தார்.

"நாலு வருஷமா உங்க கைக்கு வருதுங்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

எனக்கும் சுருக்கென்று வந்துவிட்டது. "மீன் சாப்பாட்டுக்கு வர்றதெல்லாம் ஒரு சேதியாம்மா? அதுக்கு மாடி ஏறி வந்து சொல்லுவாங்களா? நீங்க ஒரு நாளாவது இறங்கி வந்து கேட்டீங்களா?"

"எப்படி வர்றது? நீங்கதான் போர்டு மாட்டி வெச்சிருக்கீங்களே!"

அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் வரவில்லை. வீட்டில் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை என்று அவர் கணவர் போனில் சொன்னார். பதறாத அந்த மனிதரின் குரலே கொஞ்சம் ஆடியது. அந்த இரண்டு நாளும் நான் ஒரே விஷயத்தைத்தான் நினைத்தேன். இது தெரிந்தவர்கள் இரண்டு பேர், என் வீட்டுக்காரியைச் சேர்த்தால் மூன்று. குழுவுக்குப் பழைய படத்தைக் காட்டினால் ஒரு பயலுக்கும் தெரியப்போவதில்லை. காட்டிவிடட்டும் என்றுகூட நினைத்தேன். என் புத்தி அப்படித்தான் போனது, மறைப்பானேன்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு அவர் மீன் அறை வாசலில் நின்றார். கண் வீங்கியிருந்தது.

"போர்டைக் கழட்டுங்கண்ணா."

கழற்றினேன். உள்ளே வந்து, ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு மூலையில் உட்கார்ந்தார். மீன்கள் ஒளிந்துகொண்டன. அவரும் அசையவில்லை. மறுநாளும் வந்து உட்கார்ந்தார், அதற்கு மறுநாளும். ஐந்தாம் நாள்தான் மீன்கள் அவரை அறையில் இருக்கும் ஒரு சாமான் என்று ஏற்றுக்கொண்டன. கட்டுப் பிரித்து மெலிந்துபோயிருந்த இடது கையை அன்று நீட்டினேன். செடிக்குள்ளிருந்து, குழாய்க்குப் பின்னாலிருந்து, மூலையிலிருந்து, எல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்தன. டாக்டரம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். நோட்டைத் திறக்கவில்லை.

குழு வந்த அன்று அவர் பழைய படத்தைத்தான் முதலில் காட்டினார். நான் கதவோரம் நின்றிருந்தேன். இடப்பக்கம் போகும் மீன், பச்சையாக மினுங்கும் மூளை. ஐந்து தலைகளும் ஆடின. குழுத் தலைவர், நடந்தால் கீச்சிடும் பூட்ஸ் போட்ட பெரிய மனிதர், "பிரமாதம்" என்றே சொல்லிவிட்டார். அங்கேயே நிறுத்தியிருந்தால் வேலை நிரந்தரம்.

"படம் சரிதான், சார். அதுக்குக் கீழ நான் எழுதியிருக்கறதுதான் தப்பு. எல்லாரும் கீழ வாங்க, காட்டறேன்" என்றார் டாக்டரம்மா.

படிக்கட்டுக்கு அடியில் ஐந்து பெரிய மனிதர்களை நுழைத்தோம். நான் கையை நீட்டினேன். ஒரு மீன்கூட வரவில்லை. எப்படி வரும்? தலைவருடைய பூட்ஸ் அங்கே கீச்சிட்டுக்கொண்டிருக்கிறதே.

"ஒண்ணும் வரலையே" என்றார் தலைவர்.

"நீங்க போனா வரும், சார்" என்றேன். டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் விடவில்லை. "கோவிச்சுக்காதீங்க. வெளிய நின்னு கதவுக் கண்ணாடியில பாருங்க. பேசக் கூடாது."

ஐந்து பேரும் வெளியே போனார்கள். அந்தச் சதுரக் கண்ணாடியில் முதலில் தலைவர் முகம், அவர் தோளுக்கு மேல் ஒரு முகம், கக்கத்துக்குக் கீழே ஒரு முகம் என்று அடுக்காகத் தெரிந்தது. இருபது நிமிஷம் நான் கை வலிக்க நின்றேன். அப்புறம் ஒன்று வந்தது. பின்னாலேயே மொத்தக் கூட்டமும் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ "அட!" என்றது எனக்கே கேட்டது.

மாடிக்குப் போகும் வழியில் தலைவர் கேட்டார். "நீங்க சொல்லாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதேம்மா?"

"மீனுக்குத் தெரியுமே, சார்" என்றார் டாக்டரம்மா.

நாலே முக்காலுக்கு முடிவு வந்தது. கையில் காகிதத்தோடு அவர் இறங்கி வந்தபோது நான் சாயங்காலத் தீனியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"நிரந்தரம் இல்லண்ணா. ரெண்டு வருஷம் நீட்டிப்பு. அதுக்குள்ள புதுசா ஏதாவது காட்டணும். இல்லன்னா காலி பண்ணணும்."

கலக்குவதை நிறுத்தினேன். "என்னாலதாம்மா எல்லாம்."

"ஆமா, உங்களாலதான்" என்றார். பேச்சுக்குக்கூட இல்லை என்று சொல்லவில்லை. கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். நான் பம்பைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "இதுங்க இவ்வளவு ஆசையா ஓடி வருதுங்க. அதைப் போய் நான் நாலு வருஷமா பயம்னு எழுதிட்டிருந்திருக்கேன். ஒரு தடவை இங்க வந்து உக்காந்திருந்தா போதும்."

ஐந்து மணி ஆகிவிட்டது. தீனிக் குப்பியை எடுத்தேன். அவர் எழுந்து வந்தார்.

"இன்னிக்கு நான் போடட்டுமா?"

குப்பியைக் கொடுத்துவிட்டு நான் கதவுப் பக்கம் ஒதுங்கினேன். எந்தக் கையை நீட்டுவது என்று ஒரு நிமிஷம் குழம்பி, இடது கையை நீட்டினார். எல்லா மீனும் ஒளிந்துகொண்டன. அவர் காத்திருந்தார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். "வலிக்குதுண்ணா" என்று உதட்டை அசைக்காமல் சொன்னார். "வலிக்கும். எடுத்துடாதீங்க" என்றேன்.

செடிக்குள்ளிருந்து ஒன்று மூக்கை நீட்டியது. உள்ளே போனது. மறுபடி நீட்டியது. பிறகு மெதுவாக, சாவகாசமாக, அந்தக் கை நிழலுக்குக் கீழே வந்து நின்று மேலே பார்த்தது. இன்னொன்றும் வந்தது. டாக்டரம்மா மூச்சுவிடவில்லை. கன்னத்தில் தண்ணீர் வழிவதுகூட அவருக்குத் தெரியவில்லை. குப்பியைப் பிடித்த கை அப்படியே நிற்கிறது, மீன்களும் அப்படியே நிற்கின்றன.

"டாக்டரம்மா," என்றேன், "பசியோட வந்து நிக்குதுங்க. மொதல்ல சாப்பாட்டப் போடுங்க."